மாணவராகவே வாழ்ந்த ஆச்சாரியர்

(இரண்டாமாண்டு, பி.எஸ்ஸி. வேதியியல்)

வயிறு உப்பிக்கொண்டால் எங்கள் வீட்டில் முதல் மருந்து ஓம வாட்டர். மொரப்பூர் மளிகைக் கடையில் சீசாவாக வாங்கி வந்து, பாட்டி ஒரு மூடி அளந்து ஊற்றுவார். இந்த ஓம வாட்டருக்கும் நாம் படிக்கும் வேதியியலுக்கும் ஒரு தொடர்பு உண்டு என்பது போன பருவம் வரை எனக்குத் தெரியாது. 1890களில் கல்கத்தாவில் ஓம நீரைக் காய்ச்சி, சீசாவில் அடைத்து விற்பனைக்கு அனுப்பியவர்களுள் ஒருவர், எடின்பரோ பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம் பெற்ற வேதியியல் ஆசிரியர் என்று நூலகத்தில் படித்தபோது வியந்து போனேன். அவர்தாம் ஆச்சாரிய பிரபுல்ல சந்திர ராய்.

ராய் அவர்களைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் அவருடைய கண்டுபிடிப்புகளையும் பட்டங்களையும் வரிசைப்படுத்துவார்கள். எனக்கோ அவர் மாணவராக இருந்த காலத்தின் மீதுதான் ஆவல். காரணம் உண்டு. என் தந்தையார் புளிய மரம் ஏறி உலுக்கும் வேலைக்குச் செல்பவர். அம்மா புளி தட்டிக் கொட்டை எடுப்பவர். எங்கள் வீட்டிலிருந்து கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். பி.எஸ்ஸி. படித்து என்ன ஆகப் போகிறது, ஓசூர்ப் பக்கம் ஏதாவது கம்பெனிக்குப் போனால் மாதச் சம்பளம் வருமே என்று உறவினர் கேட்கும்போது எனக்கு விடை சொல்லத் தெரிவதில்லை. ஓர் இளைஞன் வேதியியல் பட்டப்படிப்பு படிப்பதால் உண்மையில் அவனுக்கு என்ன கிடைக்கிறது? அந்தக் கேள்வியோடுதான் ராயின் வரலாற்றைப் படிக்கத் தொடங்கினேன்.

1861-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 2-ஆம் நாள், வங்காளத்தின் ஜெஸ்ஸூர் மாவட்டத்தில் ராருளி என்னும் சிற்றூரில் ராய் பிறந்தார். அப்பகுதி பின்னர் குல்னா மாவட்டமாகி, இன்று வங்கதேசத்தில் உள்ளது. தந்தை ஹரிஷ் சந்திர ராய் நிலக்கிழார், புத்தகப் பிரியர். ஆகவே ராயை நம்மைப் போன்ற ஏழை மாணவர் என்று நான் சொல்ல வரவில்லை. வீட்டிலேயே நூலகம் இருந்தது. ஆயினும் குடும்பத்தின் செல்வம் பையப் பையக் கரைந்துகொண்டு வந்த காலம் அது.

பிள்ளைகளின் படிப்புக்காகக் குடும்பம் கல்கத்தாவுக்குக் குடிபெயர்ந்தது. சிறுவன் ஹேர் பள்ளியில் சேர்ந்தான். நகரத்துப் பிள்ளைகள் அவனுடைய கிழக்கு வங்காளப் பேச்சைக் கேட்டு நாட்டுப்புறத்தான் என்று எள்ளி நகையாடினார்களாம். இந்த இடத்தைப் படித்தபோது புத்தகத்தைச் சற்று மூடி வைத்தேன். நம் பக்கத்துப் பேச்சைக் கேட்டு வெளியூரில் சிரித்தவர்கள் எனக்கும் நினைவுக்கு வந்தார்கள். நண்பர்கள் சிலருக்கும் வரலாம்.

1874-இல் கடுமையான சீதபேதி. பள்ளியை விட்டே நிற்க வேண்டியதாயிற்று. ஏறத்தாழ இரண்டாண்டுகள் பள்ளி இல்லை. உடல் அதன்பின் ஒருபோதும் முழுமையாகத் தேறவும் இல்லை. வாழ்நாள் முழுவதும் அளவான உணவு, தவறாத நடை, நேரத்திற்கு உறக்கம் என்று அவர் இருந்ததற்கு இந்நோயே காரணம். ஆனால் அந்த இரண்டாண்டுகளில் அவர் தந்தையின் அலமாரியை ஏறக்குறையக் காலி செய்தார். வரலாறு, இலக்கியம், பெரியோர் வாழ்க்கை என்று ஒன்றையும் விடவில்லை. இலத்தீன் மொழியைத் தாமாகவே கற்றார். அச்சுத் தொழிலாளியாகத் தொடங்கி விஞ்ஞானியாகவும் ஆன பெஞ்சமின் பிராங்க்ளினின் வரலாறு அவரை மிகவும் ஈர்த்தது. தேர்வுக்காகப் படிக்காத இந்தப் படிப்பு பின்னால் அவருக்கு எப்படிக் கைகொடுத்தது என்பதைப் பார்க்கப் போகிறோம்.

நோய் நீங்கியபின் ஆல்பர்ட் பள்ளி. பிறகு ஈஸ்வர சந்திர வித்யாசாகர் நடத்திய மெட்ரோபாலிட்டன் கல்லூரி. கட்டணம் குறைவு, ஆனால் வேதியியல் படிக்க அங்கே வசதி இல்லை. ஆகவே அக்கல்லூரி மாணவர்கள் வேதியியலுக்கு மட்டும் மாநிலக் கல்லூரியாகிய பிரசிடென்சிக்குச் சென்று அமர்ந்து கேட்பார்கள். அங்கே பாடம் நடத்தியவர் அலெக்சாண்டர் பெட்லர். செய்முறையைக் கண்முன் செய்து காட்டுவதில் அவர் வல்லவர். ராய்க்கு இலக்கியத்தின் மீதிருந்த காதலை வேதியியலின் பக்கம் திருப்பியது பெட்லரின் மேசைதான்.

வகுப்பில் பார்த்தது போதாதென்று ராயும் ஒரு நண்பரும் நண்பரின் அறையிலேயே சிறிய ஆய்வகம் ஒன்றை அமைத்தார்கள். சாதாரணத் தகரக் கொல்லர் ஒருவரிடம் மெல்லிய தகரத்தில் ஆக்சிஜன்–ஹைட்ரஜன் ஊதுகுழல் ஒன்றைச் செய்வித்து வாங்கினார்கள். அது ஒருநாள் வெடித்துச் சிதறியது! நல்லவேளை, எவருக்கும் காயமில்லை. (முதலாண்டில் ஒரே வாரத்தில் இரண்டு பிப்பெட்டுகளை உடைத்த எனக்கு இச்செய்தி பெரும் ஆறுதலாக இருந்தது என்பதை ஆய்வக உதவியாளர் அண்ணன் மன்னிப்பாராக.)

பி.ஏ. படித்துக்கொண்டிருந்தபோது கில்கிறிஸ்ட் உதவித்தொகைத் தேர்வு பற்றி அறிந்தார். இந்தியா முழுமைக்கும் அவ்வாண்டு கிடைத்தவை இரண்டே இடங்கள். இலத்தீன், கிரேக்கம் அல்லது சமஸ்கிருதம், பிரெஞ்சு அல்லது ஜெர்மன் என்று பல மொழிகளில் எழுத வேண்டும். வீட்டார் ஓரிருவர் தவிர வேறு யாருக்கும் சொல்லாமல் அவர் தயாரானார். எப்படியோ செய்தி கசிந்ததும் உடன் படித்த ஒருவர் ஏளனம் செய்தாராம். 1882-இல் முடிவு வந்தது. வென்ற இருவரில் ஒருவர் பம்பாயைச் சேர்ந்த பார்சி இளைஞர் பகதூர்ஜி, மற்றவர் ராய். நோயில் படுத்திருந்தபோது கற்ற இலத்தீன் இங்கே பயன்பட்டது.

அவ்வாண்டே கப்பலேறி இலண்டன் சென்றார். அங்கே ஜகதீச சந்திர போஸைச் சந்தித்தார். அந்த நட்பு வாழ்நாள் முழுவதும் நீடித்தது. அக்டோபரில் எடின்பரோ.

இனித்தான் முக்கியமான பகுதி. எடின்பரோவில் வேதியியல் பேராசிரியர் அலெக்சாண்டர் கிரம் பிரவுன். இன்று நாம் கரும்பலகையில் அணுவுக்கும் அணுவுக்கும் இடையே கோடு போட்டு அமைப்பு வாய்பாடு எழுதுகிறோமே, அந்த முறையை 1860களில் வகுத்துப் பரப்பியவர்களுள் அவர் முதன்மையானவர். ஒரு பொருளின் மூலக்கூறு அமைப்புக்கும் அது உடலில் செய்யும் வேலைக்கும் உள்ள தொடர்பை 1868-இல் பிரேசர் என்பாருடன் சேர்ந்து ஆராய்ந்தவரும் அவரே. அவருடைய ஆய்வகத்தில் உதவியாளராக இருந்த ஜான் கிப்சன் ஜெர்மனியில் பன்சனிடம் பயின்றவர். ஆம், நாம் ஒவ்வொரு செய்முறை வகுப்பிலும் பற்ற வைக்கும் அதே பர்னரின் பன்சன்தான்!

எண்ணிப் பாருங்கள். பாடநூலில் அச்சான செய்தியை வேறொருவர் படித்துச் சொல்ல, அதைக் கேட்டு எழுதுவது ஒன்று. அச்செய்தியைக் கண்டவர்களே, இன்னும் கண்டுகொண்டிருப்பவர்களே, நம் பக்கத்து மேசையில் சோதனைக் குழாயைக் கழுவிக்கொண்டிருப்பது வேறொன்று. அங்கே ஆசிரியருக்கும் விடை தெரியாத கேள்விகள் உண்டு. அவை மாணவர் காதிலும் விழும். ராயுடன் அந்த ஆய்வகத்தில் படித்த ஜேம்ஸ் வாக்கர், அலெக்சாண்டர் ஸ்மித், ஹியூ மார்ஷல் ஆகிய மூவரும் பின்னாளில் பெயர் பெற்ற வேதியியல் அறிஞர்களானார்கள். ஒரே காலத்தில், ஒரே கூரையின் கீழ் நால்வர்! அந்நால்வரும் பிறவி மேதைகள் என்று சொல்லிவிட்டுப் போகலாம். என் எண்ணம் அதுவன்று. அந்தக் கூரைக்கும் அதில் பங்குண்டு.

பட்டப்படிப்பின் இறுதிக் கட்டத்தில் ராய் ஒரு காரியம் செய்தார். 1885-இல் பல்கலைக்கழகம் கட்டுரைப் போட்டி ஒன்றை அறிவித்தது. பொருள், சிப்பாய்க் கிளர்ச்சிக்கு முன்னும் பின்னும் இந்தியா. வேதியியல் மாணவருக்கு இதில் என்ன வேலை? அவருடைய படிப்போ கில்கிறிஸ்ட் உதவித்தொகையில் நடக்கிறது. நாடு திரும்பினால் வேலை தரவேண்டியதும் ஆங்கில அரசுதான். ஆனால் அவர் வேதியியலைச் சில காலம் ஒதுக்கி வைத்துவிட்டு, நூலகத்திலிருந்து இந்திய வரலாறும் பொருளாதாரமும் கட்டுக்கட்டாக எடுத்து வந்து படித்தார். ஆங்கில ஆட்சி இந்தியாவுக்குச் செய்த கேட்டை ஒளிக்காமல் எழுதினார். பல்கலைக்கழகத்தின் முதல்வரோ சர் வில்லியம் மியூர். இந்தியாவில் வடமேற்கு மாகாணங்களின் துணை ஆளுநராக இருந்தவர்! பரிசு வேறொருவருக்குப் போயிற்று. ராயின் கட்டுரை பரிசுக்கு அடுத்த நிலையில் மதிக்கப்பட்டது. அதில் ஆட்சியின் மீதிருந்த கசப்பும் சுட்டிக் காட்டப்பட்டது. ராய் அத்துடன் விடவில்லை. 1886-இல் அதைச் சிறு நூலாக அச்சிட்டு வெளியிட்டார். ஆங்கிலேய அரசியல்வாதி ஜான் பிரைட்டுக்கு ஒரு படி அனுப்ப, அவரிடமிருந்து அனுதாபமான பதில் வந்து, அது பத்திரிகையிலும் வெளியாயிற்று.

இவ்விடத்தில் நான் பலமுறை நின்றேன். உதவித்தொகை வாங்கும் மாணவன் வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டும் என்பது நம் வீடுகளில் சொல்லித் தரும் பாடம். அதில் தவறென்றும் எனக்குச் சொல்லத் தோன்றவில்லை. இழப்பதற்கு இருப்பது அது ஒன்றுதானே! ராய் இழக்கத் துணிந்தார். துணிந்தும் படிப்பை விடவில்லை. 1885-இல் பி.எஸ்ஸி. முடித்தார். 1887-இல் செம்பு, மக்னீசியத் தொகுதி உலோகங்களின் இரட்டைச் சல்பேட்டுகளைப் பற்றிய ஆய்வுக்காக டி.எஸ்ஸி. பட்டம் பெற்றார். ஹோப் பரிசும் கிடைத்ததால் மேலும் ஓராண்டு அங்கே தங்க முடிந்தது. பல்கலைக்கழக வேதியியல் சங்கம் அவரைத் துணைத் தலைவராகத் தேர்ந்தெடுத்தது.

1888-இல் தாயகம் திரும்பினார். டாக்டர் பட்டம் இருந்தது. கிரம் பிரவுனின் பரிந்துரையும் இருந்தது. வேலைதான் இல்லை! உயர் கல்விப் பணியின் இடங்கள் நடைமுறையில் ஆங்கிலேயருக்கே. ஏறத்தாழ ஓராண்டுக் காலம் போஸின் வீட்டில் தங்கி, செடிகொடிகளைச் சேகரித்துத் தாவரவியல் படித்துப் பொழுதைக் கழித்தார். 1889-இல் பிரசிடென்சி கல்லூரியில் தற்காலிக உதவிப் பேராசிரியர் பதவி, மாதம் 250 ரூபாயில் கிடைத்தது. தமக்கு ஏன் இந்தத் தாழ்ந்த நிலை என்று கல்வி இயக்குநர் கிராப்டிடம் கேட்டபோது, உலகில் வேறு தொழில்களும் உண்டு, இந்த வேலையை ஏற்கும்படி யாரும் கட்டாயப்படுத்தவில்லையே என்னும் பொருளில் பதில் கிடைத்தது.

வேறு தொழில் அவர் செய்யவே செய்தார். ஆனால் கல்லூரியை விட்டுவிட்டு அல்ல.

முதலில் ஆய்வகம். பிரசிடென்சியின் பழைய ஆய்வகத்தில் காற்றோட்டம் இல்லை. வகுப்பு நடக்கும்போது அமிலப் புகை சூழ்ந்துகொள்ளும். எடின்பரோ ஆய்வகத்தின் வரைபடங்களை வரவழைத்து, தம் பழைய ஆசிரியரும் இப்போது மேலதிகாரியுமான பெட்லருக்குக் காட்டி, புதிய கட்டடத்திற்கு வழி செய்தார். 1894-இல் அது திறக்கப்பட்டது. தாம் மாணவராக இருந்து கண்டதை, கப்பலேற வழியில்லாத மாணவருக்காகக் கல்கத்தாவிலேயே கட்ட முனைந்தார் என்றுதான் இதை நான் பார்க்கிறேன்.

அடுத்தது தொழில். 1892-இல், 91, அப்பர் சர்க்குலர் ரோடு என்னும் வாடகை வீட்டில், 700 ரூபாய் முதலில் பெங்கால் கெமிக்கல் தொடங்கியது. வேதியியல் படித்த இளைஞர்கள் அரசாங்க எழுத்தர் வேலைக்கே அலைகிறார்களே என்பதுதான் அவருடைய கவலை. கல்லூரி முடிந்து மாலையில் வந்து கைச்சட்டையை மடித்துக்கொண்டு நிற்பார். எலுமிச்சைச் சாற்றிலிருந்து சிட்ரிக் அமிலம் எடுத்துப் பார்த்தார். பழத்தின் விலைக்குக் கட்டுபடியாகவில்லை. (புளியில் இருப்பது டார்டாரிக் அமிலம். வேலை முடிந்து வந்ததும் அம்மா விரல்களில் எரிச்சல் என்பார். அதன் வாய்பாட்டை முதல் முறையாக வகுப்பில் எழுதியபோது அந்த விரல்கள்தாம் நினைவுக்கு வந்தன.)

பிறகு எலும்பு. இராஜாபஜார் கசாப்புக் கடைகளிலிருந்து மாட்டு எலும்புகளை மூட்டை மூட்டையாக வாங்கி மொட்டை மாடியில் காயப் போட்டார். எலும்பைச் சுட்ட சாம்பல் பெரும்பாலும் கால்சியம் பாஸ்பேட். அதைக் கந்தக அமிலத்தால் சூப்பர் பாஸ்பேட்டாக்கி, சோடாவுடன் சேர்த்தால் மருந்துக்கான சோடியம் பாஸ்பேட் கிடைக்கும். கணக்கு சரிதான். ஆனால் எதிர்பாராத மழை நாட்கணக்கில் பிடித்துக்கொண்டது. எலும்பில் ஒட்டியிருந்த சதை அழுகி, புழு வைத்து, ஊர்க் காக்கையெல்லாம் கூடிவிட்டது. ஆசாரமான அண்டை வீட்டார் கொதித்தெழுந்தனர். எலும்புகளை ஊருக்கு வெளியே செங்கற் சூளைப் பக்கம் கொண்டுபோய் இரவில் எரித்தால், யாரையோ கொன்று எரிக்கிறார்களோ என்று காவலர் வந்து விசாரித்தாராம்! டி.எஸ்ஸி. பட்டம் பெற்ற ஒருவர், இரவில், எலும்புக் குவியலருகே நின்று காவலருக்கு விளக்கம் சொல்லும் காட்சியை நான் அடிக்கடி கற்பனை செய்து பார்ப்பதுண்டு.

அந்தச் சிறு முயற்சி 1901-இல் லிமிடெட் கம்பெனியாயிற்று. 1980-இல் நாட்டுடைமை ஆயிற்று. இன்றும் நடக்கிறது.

இனி அந்த மஞ்சள் படிகங்கள். 1895-இல் ராய் பாதரசத்தின் மீது நீர்த்த நைட்ரிக் அமிலத்தைக் குளிர்ந்த நிலையில் ஊற்றி வைத்திருந்தார். அவர் எதிர்பார்த்தது மெர்க்குரஸ் நைட்ரேட். ஆனால் மேலே மஞ்சள் நிறப் படிகங்கள் படர்ந்திருந்தன. சோதித்துப் பார்த்தார்; மெர்க்குரஸ் நைட்ரைட்! இதில் வியப்பு என்னவென்றால், மெர்க்குரஸ் அயனியும் எளிதில் மாறிவிடக் கூடியது, நைட்ரைட் அயனியும் எளிதில் சிதையக் கூடியது. நிலையில்லாத இரண்டு சேர்ந்து நிலையான ஒரு பொருளாக நின்றன. 1896-இல் வங்காள ஆசியக் கழகத்தின் இதழில் இது வெளியாயிற்று. செய்முறை வகுப்பில் எதிர்பாராத நிறம் வந்தால் நாம் என்ன செய்கிறோம்? தவறு நேர்ந்துவிட்டது என்று கீழே கொட்டிவிட்டு, பக்கத்து மாணவரின் குறிப்பேட்டைப் பார்க்கிறோம். நானும் செய்திருக்கிறேன்.

அதன்பின் நைட்ரைட்டுகளே அவருடைய துறையாயின. 1912-இல் அம்மோனியம் நைட்ரைட்டைச் சிதையாமல் ஆவியாக்கி அதன் ஆவியடர்த்தியை அளந்த ஆய்வை இலண்டனில் வேதியியல் சங்கத்தின் முன் வைத்தார். இந்து வேதியியல் வரலாறு என்னும் ஆங்கில நூலின் இரண்டு தொகுதிகள் 1902-இலும் 1909-இலும் வெளிவந்தன. 1919-இல் சர் பட்டம். 1922-இல் வட வங்காள வெள்ளத்தின்போது நிவாரணப் பணிக்குத் தலைமை. 1924-இல் இந்திய வேதியியல் சங்கத்தை நிறுவி அதன் முதல் தலைவரானார். இவையெல்லாம் பொது அறிவு நூல்களில் கிடைப்பவை, நான் விரிக்கவில்லை.

அவருடைய வகுப்பிலிருந்து வந்தவர்களைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. நீலரத்தன் தர், ஞான சந்திர கோஷ், ஞானேந்திரநாத் முகர்ஜி ஆகியோர் அவரிடம் வேதியியல் பயின்றவர்கள். சத்யேந்திரநாத் போஸும் மேகநாத் சாகாவும் அவரிடம் பாடம் கேட்டவர்கள். சாகாவின் தந்தை கிராமத்தில் சிறு மளிகைக் கடை வைத்திருந்தவர். 1911-இல் பிரசிடென்சிக்கு வந்த சாகாவை, சாதியின் பெயரால் விடுதியில் உடன் அமர்ந்து உண்ணவும் சிலர் மறுத்தார்கள். அந்த மளிகைக் கடைக்காரர் மகன் 1920-இல் வெளியிட்ட வெப்ப அயனியாக்கச் சமன்பாட்டைக் கொண்டுதான் நட்சத்திரங்களின் வெப்பநிலையை உலகம் கணக்கிட்டது.

1916-இல் ராய் பிரசிடென்சியிலிருந்து ஓய்வு பெற்று, கல்கத்தாப் பல்கலைக்கழக அறிவியல் கல்லூரியில் பாலித் பேராசிரியரானார். திருமணம் செய்துகொள்ளவில்லை. அக்கல்லூரிக் கட்டடத்திலேயே ஓர் அறையில் குடியிருந்தார். 1921-இல் அறுபது வயது நிறைந்தபோது, அதன்பின் தமக்கு வரும் சம்பளம் முழுவதையும் வேதியியல் துறைக்கும் ஆராய்ச்சி மாணவர் உதவித்தொகைக்கும் எழுதிக் கொடுத்தார். 1936 வரை, பதினைந்தாண்டுகள், அப்படியே நடந்தது. ஒரு காலத்தில் உதவித்தொகையில் கடல் கடந்து போன மாணவர், தம் மாணவர் படிக்கத் தாமே உதவித்தொகை ஆனார்.

1944-ஆம் ஆண்டு ஜூன் 16-ஆம் நாள், அதே அறிவியல் கல்லூரி அறையில், ஆய்வகத்திற்கு அடுத்த சில அடி தூரத்தில், அவர் உயிர் பிரிந்தது. வயது 82.

சென்ற மாதம் செய்முறை வகுப்பில் மெர்க்குரஸ் நைட்ரைட் தயாரித்துப் பார்க்கலாமா என்று எங்கள் ஆசிரியரிடம் கேட்டேன். பாதரச ஆவி நஞ்சு, மாணவர் கையில் அதைத் தருவதில்லை என்றார். பிறகு சற்று நேரம் யோசித்துவிட்டு, மெர்க்குரஸ் அயனி ஏன் இரட்டையாகவே இருக்கிறது என்று தெரியுமா என்று கேட்டார். தெரியாது என்றேன். அலமாரியிலிருந்து ஒரு தடித்த புத்தகத்தை எடுத்துத் தந்து, அடுத்த வாரம் வந்து சொல் என்றார். ஆங்கிலப் புத்தகம். மொரப்பூர்ப் பேருந்தில் அகராதியோடு படித்துக்கொண்டு வருகிறேன்; இதுவரை பதினொரு பக்கம் ஆகியிருக்கிறது.